கடற்பஞ்சு வெளுத்தால் விளக்கைக் கூட்டலாமா?

கேள்வி: வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் பாறையோடு வந்த பச்சை நிறக் கடற்பஞ்சு சில வாரங்களாக வெளுக்கிறது. அதற்குள் ஒளிச்சேர்க்கை செய்யும் பாக்டீரியா இருப்பதாகச் சொல்கிறார்கள். வெளிச்சத்தைக் கூட்டினால் சரியாகுமா?

பதில்: முதலில் ஒன்று பாருங்கள்: பஞ்சு வெளுக்க மட்டும் செய்கிறதா, சுருங்கவும் செய்கிறதா?

பல கடற்பஞ்சுகளின் நிறம் அவற்றில் குடியிருக்கும், ஒளிச்சேர்க்கை செய்யும் சயனோபாக்டீரியா என்ற பாக்டீரியாவால் வருவது. பாக்டீரியா வெளிச்சத்தில் தயாரிக்கும் உணவில் ஒரு பங்கு பஞ்சுக்குப் போகிறது. ஆஸ்திரேலியாவின் டேவிஸ் பவளத்திட்டில் அதிகம் காணப்படும் 10 வகைப் பஞ்சுகளில் 6 வகைகள், சுவாசிக்கச் செலவழிப்பதைப்போல 3 மடங்கு ஆக்சிஜனை உண்டாக்குகின்றன என்று கடல் உயிரியலாளர் கிளைவ் வில்கின்சன் 1983-இல் காட்டினார். பஞ்சு ஒரு விலங்குதான், ஆனால் பார்ப்பது செடியின் வேலை!

ஆனால் எல்லாப் பஞ்சும் இந்தக் குடித்தனக்காரரை ஒரே அளவு நம்பியிருப்பதில்லை. 2005-இல் வெளியான ஆய்வொன்றில் இரண்டு வகைகளை 2 வாரம் நிழலில் வைத்தார்கள். லாமெல்லோடிசிடியா குளோரியா தன் பரப்பில் 40 சதவீதத்துக்கு மேல் இழந்தது. செஸ்டோஸ்பாஞ்சியா எக்ஸிகுவாவில் பச்சையம் குறைந்தது, உடம்பு பெரிதாகக் குறையவில்லை. மத்தியதரைக் கடலின் பெட்ரோசியா ஃபிசிஃபார்மிஸ் இன்னும் ஒரு படி மேல்: வெளிச்சத்தில் ஊதா, இருட்டுக் குகைக்குள் வெள்ளை, இரண்டு இடத்திலும் நன்றாகவே வாழ்கிறது.

அதனால் கண்ணாடிமேல் மார்க்கரால் பஞ்சின் ஓரத்தை வரைந்து வையுங்கள். 2 வாரத்தில் ஓரம் உள்வாங்கினால் வெளிச்சம் போதவில்லை என்று சந்தேகிக்கலாம். அப்போதும் விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். ஓரம் அப்படியே இருந்து நிறம் மட்டும் போனால் பதற வேண்டாம். அது தண்ணீரை வடிகட்டியே பிழைத்துக்கொள்ளும் வகையாக இருக்கலாம். எப்படியானாலும் தண்ணீருக்கு வெளியே எடுத்துப் பார்க்காதீர்கள். துளைகளில் காற்று அடைத்துக்கொண்டால் தொல்லை.

அப்புறம், பலரும் கேட்க மறக்கும் கேள்வி: தொட்டியில் சிவப்புப் பாசி வந்து மருந்து ஏதும் போட்டீர்களா? அந்த மருந்துகள் சிலவற்றில் இருப்பது எரித்ரோமைசின் என்ற, பாக்டீரியாவை ஒழிக்கும் ஆன்டிபயாடிக். சிவப்புப் பாசியும் சயனோபாக்டீரியாதான், பஞ்சுக்குள் இருப்பதும் அதே கூட்டம். மருந்துக்கு வேண்டியது எது, வேண்டாதது எது என்று தெரியாது. போட்டிருந்தால் மருந்தை நிறுத்தி, தண்ணீரைப் பகுதி பகுதியாக மாற்றி, வடிகட்டியில் மருந்தை உறிஞ்சும் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். மருந்து தண்ணீரைவிட்டுப் போகும்வரை விளக்கைத் தொட வேண்டாம்.