நின்றுபோன கைவினைப் போட்டி

கேள்வி: எங்கள் ஊர் மனமகிழ் மன்றத்தில் பொங்கலுக்கு நடந்துவந்த கைவினைப் போட்டி நின்றுபோய்விட்டது. திரும்பத் தொடங்கினால் உறுப்பினர்கள் வருவார்களா?
– வாசகி, திருச்செந்தூர்

பதில்: தாராளமாக வருவார்கள். ஆனால் பழையபடி 'வீட்டில் செய்து கொண்டுவாருங்கள்' என்று அறிவித்தால் கடையில் வாங்கிய பொருளும் மேசைக்கு வரும், உண்மையாக உழைத்தவர் அடுத்த வருடம் எட்டிப் பார்க்க மாட்டார். அங்கேயே உட்கார்ந்து செய்யச் சொல்லுங்கள். பக்கத்தில் மணப்பாடு பனையோலைப் பொருட்களுக்குப் பேர்போன ஊர், அங்கிருந்து ஓலை முடையும் ஓர் அக்காவை முன்கூட்டியே அழைத்து உறுப்பினர்களுக்குக் கற்றுக்கொடுக்க வையுங்கள். பஸ் செலவோடு அன்றைய கூலியையும் மன்றம் கொடுத்தாக வேண்டும், பொன்னாடை மட்டும் போதாது. குருத்தோலையை எல்லோருக்கும் ஒரே அளவில் நீங்களே கொடுங்கள். காய்ந்த ஓலையை அப்படியே மடக்கினால் வெடித்துவிடும், ஈரத்துணியில் சுற்றி வைத்துக் கொடுக்கணும். போட்டிக்குக் கொட்டான் என்கிற சின்ன ஓலைப்பெட்டி, விசிறி, கிலுகிலுப்பை செய்யச் சொன்னால் போதும். நடுவராக ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம், முடையத் தெரிந்தவர்தான் விளிம்பு மடிப்பைப் பார்த்து மார்க் போடுவார். அப்புறம், பாட்டியும் பேரப்பிள்ளையும் ஜோடியாகச் செய்ய ஒரு பிரிவு வையுங்கள். தைப் பொங்கலுக்குப் போட்டி என்றால் கார்த்திகையிலேயே வகுப்பைத் தொடங்கிவிடுங்கள்.