பணபலம் இல்லாத வேட்பாளர் அமெரிக்காவில் எப்படி ஜெயிக்கிறார்?

பெரும்பாலும் நவம்பர் தேர்தலில் இல்லை, அதற்கு முன்னால் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்தும் உட்கட்சித் தேர்தலான பிரைமரியில்தான். 2018 ஜூனில் நியூயார்க்கின் 14-வது நாடாளுமன்றத் தொகுதியில், பத்து முறை ஜெயித்த ஜனநாயகக் கட்சி எம்.பி. ஜோ கிரவுலியை அதே கட்சியின் அலெக்ஸாண்ட்ரியா ஒகாசியோ-கோர்ட்டெஸ் தோற்கடித்தது அப்படித்தான். ஏழு லட்சம் பேர் வசிக்கும் தொகுதியில் அவருக்கு விழுந்தது சுமார் 17,000 ஓட்டு, அதுவே போதுமானதாக இருந்தது!

நியூயார்க்கில் பிரைமரியில் கட்சிக்காரராகப் பதிவு செய்தவர் மட்டுமே ஓட்டுப் போட முடியும். அதனால் தொண்டர்கள் தெருவில் எல்லா வீட்டையும் தட்டுவதில்லை. கையில் பட்டியல் இருக்கும், அதில் உள்ள கதவை மட்டும் தட்டி, பேசி, அவர் நம் பக்கமா இல்லையா என்று குறித்துக்கொண்டு, ஓட்டு நாளன்று "நம் பக்கம்" என்று குறித்தவர்களை மட்டும் திரும்பப் போய்க் கூப்பிடுவார்கள். சலிப்பான வேலைதான்.

அதற்கும் முன்னால் கையெழுத்து வேட்டை. வேட்பாளர் பெயர் ஓட்டுச்சீட்டில் வரவே 1,250 செல்லுபடியாகும் கையெழுத்து வேண்டும். முகவரி தப்பு, வேறு கட்சி என்று எதிர்த்தரப்பு ஒவ்வொன்றாக அடிக்கப் பார்க்கும் என்பதால் பல மடங்கு வாங்கி வைப்பார்கள்.

சரி, பணம் தோற்றுவிட்டதா? அப்படியெல்லாம் இல்லை. 2024-ல் பக்கத்து 16-வது தொகுதியில் ஒகாசியோ-கோர்ட்டெஸின் இடதுசாரி அணியைச் சேர்ந்த ஜமால் போமனுக்கு எதிராக ஒரே அமைப்பு 1.4 கோடி டாலருக்கு மேல் கொட்டியது, அவர் பிரைமரியிலேயே தோற்றார்.