ஓலைக் கொட்டிலுக்குத் தகரம் போடலாமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: தென்மராட்சியில் அப்பப்பா கட்டிய நெற்கொட்டில் இன்னும் நிற்கிறது. பனையோலைக் கூரை, பனைமரத் தூண்கள், உள்ளே மூட்டை அடுக்கிய கோர்க்காலி என்கிற மரத்தாங்கி. வருசத்தில் இரண்டு தரம்தான் ஊருக்குப் போக முடிகிறது. "ஓலையைப் பிரிச்சுப்போட்டுத் தகரத்தைப் போடு, கரைச்சல் முடிஞ்சுது" என்கிறார் சித்தப்பா. என்ன செய்யலாம்?

தகரம் போடாதீர்கள். அந்தக் கூரையின் மரச்சட்டம் பாரமில்லாத ஓலைக்காகக் கயிற்றால் கட்டப்பட்டது. பெருங்காற்று தகரத்தைப் பிடித்து இழுத்தால் கட்டும் சேர்ந்தே கிளம்பும். பகல் வெக்கையும், இரவில் தகரத்தின் அடியில் வேர்த்துச் சொட்டும் ஈரமும் வேறு.

ஓலை மாற்றினால் பழைமை போய்விடும் என்ற பயமும் வேண்டாம். ஓலை என்றைக்குமே மாற்றுவதற்கென்றே போடப்பட்டது. ஜப்பானின் ஷிரகவா-கோ கிராமத்துப் புல்வேய்ந்த வீடுகள் 1995இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அங்கும் கூரையைப் புதிதாக வேய்ந்துகொண்டேதான் இருக்கிறார்கள். நீங்கள் காக்க வேண்டியது ஓலைக்குக் கீழே இருக்கும் மரத்தை, வேயத் தெரிந்த கையை.

அடுத்த தடவை போகும்போது உச்சி வெயிலில் உள்ளே நின்று மேலே பாருங்கள். எங்கே கையகலத்துக்கு வெளிச்சம் விழுகிறதோ, அதற்கு நேர்கீழே உள்ள மரத்தைத் தொட்டுப் பாருங்கள். பிறகு குந்தியிருந்து ஒவ்வொரு தூணின் அடியிலும் பேனாக்கத்தி முனையை அழுத்துங்கள். வைரம் பாய்ந்த பனை கத்தியை உள்ளே விடாது. மாவில் இறங்குவதுபோல இறங்கினால் அந்த அடி போய்விட்டது. விரல் தடிப்பில் மண்கோடு ஏறியிருந்தால் கறையான். அதற்காக முழுத் தூணையும் மாற்ற வேண்டியதில்லை. உழுத்த அடியை மட்டும் வெட்டி, நல்ல வைரப் பனைத்துண்டு ஒட்டுப்போட்டு, கீழே ஒரு கல்லை வைத்து நிலத்திலிருந்து உயர்த்திவிடுங்கள். பெண்பனை தறிக்க அனுமதி வேண்டும் என்பதால் பழைய வீடு பிரிக்கும் இடங்களில் மரம் தேடுவது நல்லது. தச்சர் ஆணியை எடுத்தால் தடுத்துவிடுங்கள். துருவேறிய ஆணி மரத்தைப் பிளக்கும். தும்புக் கயிறு போதும்.

வேய்வதற்குக் காலம் முக்கியம். ஐப்பசி மழைக்கு முன் வேலை முடிய வேண்டும். ஆவணிக்குள் ஓலை வெட்டி, அடுக்கி மிதித்து, மேலே பாரம் ஏற்றித் தட்டையாகக் காயவிட்டால் புரட்டாசியில் வேயலாம். மிதிக்காத ஓலை சுருண்டு நிற்கும், தண்ணீர் உள்ளே இறங்கும். ஓலைக்கு அடியில் தறப்பாள் விரிக்கச் சொல்வார்கள். சம்மதிக்காதீர்கள், ஓலை மூச்சுவிட முடியாமல் அழுகிவிடும். ஆள் கிடைக்காமல் மழை முந்திவிட்டால் மட்டும் மேலே தறப்பாள் கட்டி ஒரு மாரியைக் கடத்தலாம். மரம் நனைவதைவிட அது மேல்.

சட்டம் காப்பாற்றும் என்று நம்பியிருக்க வேண்டாம். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தில் 02.03.1815க்கு முற்பட்ட கட்டடங்களே பிரதானம். உங்கள் அப்பப்பாவின் கொட்டில் அதற்குள் வராது. ஆகவே உரித்துள்ள எல்லோரும், சித்தப்பா உட்பட, "இடிப்பதில்லை, வேய்ச்சல் செலவு பங்கு" என்று இப்போதே எழுதிக் கையெழுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது: கொட்டிலைப் பூட்டி வைக்காதீர்கள். ஆள் புழங்காத இடத்தில்தான் கறையான் கேட்பாரின்றி ஏறும். பக்கத்துக் காணிக்காரர் வைக்கோலோ வெங்காயமோ வைக்கட்டும். வாடகை வாங்க வேண்டாம். அதற்குப் பதிலாக மாதம் ஒருதரம் தூணடியைக் கூட்டி, கறையான் மண்ணைத் தட்டிவிட்டு, உங்களுக்கு ஒரு படம் அனுப்பச் சொல்லுங்கள். வேய்கிற நாளில் நீங்களும் பிள்ளைகளோடு போய் நில்லுங்கள். ஓலை எடுத்துக் கொடுக்கவும் ஆள் வேண்டும்.