மூடிக்கு எத்தனை மில்லி?

கேள்வி: ஐயா, உரும்பிராயில் மூன்று பரப்புக் காணியில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன், நட்டு 35 நாள். தாளில் ஊதாப் புள்ளி கண்டு, கடையில் தந்த நீர் மருந்தை அடித்தேன். போத்தலில் 10 லீற்றர் தண்ணிக்கு 10 மில்லி என்று இருந்தது. கடைக்காரர், ஒரு மூடி பத்து மில்லி, தோளில் மாட்டி மருந்தடிக்கும் ராங்கிக்கு இரண்டு மூடி விடுங்கோ என்றார். மூன்றாம் நாள் தாள் நுனியெல்லாம் கருகிவிட்டது. நோய் கூடிவிட்டதா? வேறு என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: இப்போதைக்கு ஒன்றும் அடிக்க வேண்டாம். ஊதாப் புள்ளி அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பிடித்து, வளையம் வளையமாகப் பெருத்து, அந்த இடத்தில் தாளை மடித்து விழுத்தும். அடித்த மூன்றாம் நாள் பாத்தி முழுக்க ஒரேயடியாக நுனி கருகினால் அது பெரும்பாலும் மருந்துச் சூடு. குருத்தைப் பிரித்துப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பயிர் தப்பும். வழமைபோல இறையுங்கள். யூரியா போட்டு எழுப்பப் பார்த்தால் தாள் இளகி, நோய்க்கு வசதியாகிவிடும்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது வேறு: அந்த மூடி எத்தனை மில்லி பிடிக்கும்?

பாமசியில் 10 மில்லி சிரிஞ் ஒன்று வாங்குங்கள், ஊசி வேண்டாம். சிலதில் ‘சீசீ’ என்று போட்டிருக்கும். குழம்ப வேண்டாம், ஒரு சீசீ என்பது ஒரு கன சென்ரிமீற்றர், அதுதான் ஒரு மில்லிலீற்றர். மருந்து மூடியைக் கையுறை போட்டுக் கழுவி, விளிம்பு மட்டும் தண்ணீர் விட்டு, சிரிஞ்சால் இழுத்து அளவுங்கள். மூடிக்கு மூடி அளவு வேறு. உங்களுடையது 20 மில்லி பிடித்தால் இரண்டு மூடி 40 மில்லி. 16 லீற்றர் ராங்கிக்குத் தேவை 16 மில்லிதான். அதாவது இரண்டரை மடங்கு. ராங்கியைக் கழுத்துவரை நிரப்பாமல் 12 லீற்றரோடு தோளில் ஏற்றியிருந்தால் மூன்று மடங்குக்கும் மேல். இதில் நோய்க்கு என்ன பங்கு?

மூடி என்பது போத்தலை மூடத்தான். மருந்து விற்கிறவர் மூடிக்கணக்குச் சொன்னால் அவர் லேபிளை வாசிக்கவில்லை, அல்லது போத்தல் கெதியாக முடிய வேண்டும் என்று நினைக்கிறார். இரண்டில் எதுவானாலும் அவரிடம் அளவு கேட்கக் கூடாது. விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

ராங்கியையும் நம்ப வேண்டாம். ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தலால் ஊற்றி ஊற்றி நிரப்பி, 10, 16 லீற்றர் வரும் இடத்தில் அழியாத மையால் கோடு கீறுங்கள். பழைய மண்ணெண்ணெய் ரின்னால் அள்ளுகிறவர்களுக்கும் சொல்கிறேன்: அது 4 கலன், கிட்டத்தட்ட 18 லீற்றர், 16 அல்ல.

தூள் மருந்துக்குச் சிரிஞ்சும் கரண்டியும் உதவாது. ஒரு மில்லி தண்ணீர் ஒரு கிராம் நிற்கும். தூள் அப்படியில்லை, தட்டி நிரப்பினால் ஒரு நிறை, தளர்வாக அள்ளினால் வேறொன்று. நகைக்கடைக்காரர் வைத்திருப்பதுபோல ஒரு சின்ன மின்தராசு போதும்.

எத்தனை ராங்கி அடித்தீர்கள் என்று எழுதவில்லை. தோட்டக்காணியில் 16 பரப்பு ஓர் ஏக்கர். ஏக்கருக்கு 200 லீற்றர் கரைசல் என்றால் பரப்புக்கு 12½ லீற்றர், உங்கள் மூன்று பரப்புக்கும் 37½. அடுத்த தடவை முதலில் வெறும் தண்ணீரை ஒரு பரப்புக்கு அடித்து, எவ்வளவு முடிகிறது என்று பாருங்கள். கூட முடிந்தால் நடை மெதுவு, அல்லது நொசிலின் துளை தேய்ந்திருக்கிறது.

புதுத் தாள் சுத்தமாக வந்து, பிறகும் ஊதாப் புள்ளி தெரிந்தால், அதே மருந்தை 16 லீற்றருக்கு 16 மில்லி, வெயில் தாழ்ந்த பின் அடியுங்கள். சிரிஞ்சில் ‘நஞ்சு’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.