ஒரு கிலோ உப்பிலிருந்து ஒரு பக்கக் கட்டுரை

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறை பக்கத்தில் ஞாயிறுதோறும் பெரியவர்களுக்குத் தமிழ் வகுப்பு நடத்துகிறேன். 12 பேர் வருகிறார்கள், முக்கால்வாசிப் பேர் முப்பத்தைந்தைத் தாண்டிய பெண்கள். எழுதப் படிக்கத் தெரியும். ‘இரத்த அழுத்தம்’ பற்றித் தகவல் திரட்டி ஒரு பக்கம் எழுதி வாருங்கள் என்றால், வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே பார்த்து எழுதுகிறார்கள். இல்லையென்றால் வெறுந்தாளோடு வருகிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: தலைப்பை மாற்றுவதில் தொடங்குங்கள். ‘இரத்த அழுத்தம்’ என்று மட்டும் சொன்னால் அவர்கள் கண்டுபிடிக்க அதில் ஒன்றும் மிச்சமில்லை. யாரோ எழுதியதைப் பார்த்து எழுதத்தான் முடியும். அவரவர் அடுப்படியிலேயே விடை இருக்கிற கேள்வியாக அதைச் சுருக்குங்கள்: “எங்கள் வீட்டில் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு உப்பு செலவாகிறது?” இதற்கான விடை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் வராது.

முறை எளிது. உப்பு ஜாடி காலியான பிறகு புதிய ஒரு கிலோ பாக்கெட்டைப் பிரிக்கிற தேதியைக் குறிக்க வேண்டும், தீர்ந்த தேதியையும் குறிக்க வேண்டும். பாக்கெட் அன்றைக்கே குப்பைக்குப் போய்விடும் என்பதால் அடுப்படிக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். 25 நாளில் தீர்ந்தது, சாப்பிடுகிறவர்கள் 4 பேர் என்றால், 1000 கிராமை 100-ஆல் வகுக்க ஆளுக்கு 10 கிராம். பெரியவர்களுக்கு நாளுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஏறக்குறைய ஒரு தேக்கரண்டிக்குள், இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இந்தக் கணக்கு எங்கெல்லாம் தவறும் என்று வகுப்பில் பேசுவதுதான் உண்மையான ஆராய்ச்சிப் பாடம். ஜாடியில் பழைய உப்பு கிடந்திருக்கலாம். தூள் உப்பைக் கணக்கில் எடுத்து, கல்லுப்பை விட்டிருப்பார்கள். நடுவில் மாங்காய் ஊறுகாய் போட்டிருந்தால் கால் கிலோ அதிலேயே போயிருக்கும். உப்புப் போட்டுச் சோறு வடிக்கிற வீட்டில் ஒரு பங்கு கஞ்சியோடு மாட்டுத் தொட்டிக்குப் போகும். கடையில் வாங்கிய பப்படம், கருவாடு, மிக்சர் இவற்றின் உப்போ இந்தக் கணக்குக்குள் வரவே வராது. ஆகவே “நாங்கள் 10 கிராம் உப்பு சாப்பிடுகிறோம்” என்று எழுத முடியாது. “எங்கள் அடுப்படியில் ஆளுக்கு 10 கிராம் செலவாகிறது” என்றுதான் எழுத முடியும். இந்த இரண்டு வாக்கியங்களையும் கரும்பலகையில் அடுத்தடுத்து எழுதி, ஒரு வகுப்பு முழுவதையும் இதற்கே கொடுங்கள். கையில் இருக்கிற ஆதாரம் எவ்வளவோ அவ்வளவே வாக்கியம் சொல்லலாம் என்பது பிடிபட்டுவிட்டால் பார்த்தெழுதும் பழக்கம் தானாகத் தளரும்.

பாக்கெட் தீர மூன்று, நான்கு வாரம் ஆகும். அதற்குள் பிறர் எழுதியதை வாசிக்கப் பழக்குங்கள். ஓரிடத்தில் ‘உப்பு 5 கிராம்’ என்றும் வேறிடத்தில் ‘சோடியம் 2 கிராம்’ என்றும் பார்ப்பார்கள்; இரண்டில் ஒன்று பொய் என்று நினைப்பார்கள். இரண்டும் ஒன்றுதான்: சோடியத்தை 2.5-ஆல் பெருக்கினால் உப்பு. ஊறுகாய் பாட்டிலில் 100 கிராமுக்குச் சோடியம் 4000 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் உப்பு 10 கிராம். இலையில் வைக்கிற 10 கிராம் ஊறுகாயில் 1 கிராம். “இந்துப்புக்கு மாறினால் பிரஷர் வராது” என்ற செய்தி கட்டாயம் வரும். யார் சொன்னது, எப்போது சொன்னது, அவர் எதையாவது விற்கிறாரா என்று மூன்று கேள்வி கேட்கச் சொல்லுங்கள். இந்துப்பும் பெரும்பாலும் சோடியம் குளோரைடுதான்.

உங்கள் பக்கத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. சுகாதார நிலையத்தில் கிடைக்கிற துண்டறிக்கை பெரும்பாலும் மலையாளத்தில் இருக்கும். மலையாளம் படிக்கத் தெரிந்த ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர்கள் தமிழில் குறித்துக்கொள்ளட்டும். ஆனால் ஒலிக்கிறபடியே எழுத விடாதீர்கள். ‘ரக்தசம்மர்த்தம்’ இரத்த அழுத்தம் என்று எளிதில் புரிந்துவிடும். ‘பிரமேகம்’தான் ஆபத்து: மலையாளத்தில் அது சர்க்கரை நோய், தமிழில் மேகம், பிரமேகம் என்றால் வேறு நோய். இப்படி மாறிப்போகிற சொற்களுக்கென்று நோட்டின் கடைசிப் பக்கத்தை ஒதுக்கி வையுங்கள்.

எழுத உட்காரும்போது கை நடுங்குகிறவர்கள் இருப்பார்கள். அவர்களை முதலில் பக்கத்து அக்காவிடம் வாயால் சொல்லச் சொல்லி, போனில் பதிவு செய்து, அதைக் கேட்டே எழுத வையுங்கள். ஐந்து வாக்கியம் போதும்: என்ன கேட்டேன், எப்படி அளந்தேன், என்ன கிடைத்தது, எங்கே தவறியிருக்கலாம், இதை வைத்து என்ன சொல்ல முடியாது. கடைசி இரண்டை எல்லாரும் விட்டுவிடுவார்கள். அவை இல்லாத தாளைத் திருப்பிக் கொடுங்கள். பிழை திருத்தும்போது வாரத்துக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் பாருங்கள், ஒரு வாரம் ற/ர, அடுத்த வாரம் ஒற்று என்று. தாள் முழுக்கச் சிவப்பாகத் திரும்பினால், ஐம்பது வயதில் துணிந்து பேனா எடுத்தவர் அடுத்த ஞாயிறு வரமாட்டார்.

கட்டுரைகளில் பெயர் வேண்டாம். வீடு 1, வீடு 2 என்றே இருக்கட்டும். யாருடைய பிரஷர் அளவையும் வகுப்பில் வாசிக்கக் கூடாது. கணக்கைப் பார்த்துவிட்டு மாத்திரையை நிறுத்துகிறேன் என்று யாராவது சொன்னால், அன்றைக்கே ஆஷா பணியாளரிடமோ மருத்துவரிடமோ பேச வையுங்கள்.