ப்ரோக்கோலி வயிற்றுப்புண் கிருமியை அழிக்குமா?

அடக்கும், அழிக்காது. வயிற்றுப்புண்ணுக்கு முக்கியக் காரணமான ஹெலிகோபாக்டர் பைலோரி, அம்மோனியா உண்டாக்கி, சுற்றியுள்ள அமிலத்தை முறித்துக்கொண்டு வாழும் பாக்டீரியா. அதைத் தாக்குவது சல்ஃபோராஃபேன் என்ற கந்தகச் சேர்மம்.

முழுக் காயில் இது கிடையாது. முழுக் கடுகில் வாசமில்லை, நீர்விட்டு அரைத்தால் மூக்கில் ஏறுகிறதே, அதே கதைதான்: நசுங்கும்போதுதான் உள்ளே தனித்தனியாக இருக்கும் மூலப்பொருளும் நொதியும் கலக்கின்றன. கொதித்தால் நொதி செத்துவிடும். பொடியாக நறுக்கி 40 நிமிடம் வைத்து, பிறகு லேசாக ஆவியில் வேகவையுங்கள். ஏற்கெனவே வேகவைத்துவிட்டீர்களா? ஆறியதும் வறுக்காத கடுகுப்பொடி அரை டீஸ்பூன் தூவுங்கள். தாளித்த கடுகு உதவாது.

2009-இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் தினம் 70 கிராம் ப்ரோக்கோலி முளைகளை (முளைவிட்ட விதை) 8 வாரம் சாப்பிட்டவர்களுக்குக் கிருமித்தொற்று தணிந்தது. நிறுத்திய 2 மாதத்தில் பழையபடி ஏறியது. இதை நம்பி ஆன்டிபயாடிக்கைப் பாதியில் விட்டால், எஞ்சிய கிருமி அந்த மருந்துக்கே மசியாமல் போகலாம்.