வைஃபை ஸ்விட்ச் மாட்டும் முன்: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் ஒயரிங் வேலை செய்கிறேன். போனிலேயே ஆன், ஆஃப் செய்யும் வைஃபை ஸ்விட்ச், பிளக், கேமரா பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு ஒன்றொன்றாகப் பதில் சொல்கிறேன்.

அண்ணா, பாலக்கோட்டில் பழைய வீடு. ஸ்விட்சுக்குப் பின்னால் வைக்கும் வைஃபை மாட்யூல் வாங்கிவிட்டேன், ஸ்விட்ச் பெட்டியில் நியூட்ரல் இல்லை. எர்த்தில் கொடுத்தால் ஓடுமாமே?

ஓடும், அதுதான் ஆபத்தே. பழைய வீடுகளில் ஸ்விட்சுக்கு ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) மட்டும் வரும், நியூட்ரல் (கரண்ட் திரும்பும் ஒயர்) நேராக லைட்டுக்குப் போய்விடும். எர்த்தில் கொடுத்தால் மாட்யூலின் கரண்ட் எர்த் வழியாகத் திரும்பும். நடுவில் ஒயர் அறுந்தாலோ, கோடையில் எர்த் குழி காய்ந்தாலோ, அதோடு சேர்ந்த கிரைண்டர், ஃபிரிட்ஜ் உடம்பில் கரண்ட் வந்து நிற்கும். புதிதாக ஒரு நியூட்ரல் ஒயர் இழுத்துவிடுங்கள். முடியாவிட்டால் நியூட்ரல் தேவைப்படாத மாடல் கிடைக்கிறது. அதில் ஆஃப் செய்த பிறகும் எல்இடி பல்பு மங்கலாக எரியலாம். கூடவே வரும் சின்ன கெப்பாசிட்டரை லைட்டில் மாட்டினால் சரியாகிவிடும்.

கீசருக்கு 10 ஆம்ப் ஸ்மார்ட் பிளக் போதுமா?

போதாது. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் 9 ஆம்ப் அளவுக்கு இழுக்கும், அதுவும் தொடர்ந்து. 16 ஆம்ப் போடுங்கள்.

சார், சந்தூர் பக்கம் மாந்தோப்பு. மகன் பெங்களூரில் இருக்கிறான். போர்வெல் மோட்டாரை அங்கிருந்தே போனில் போடலாம் என்கிறான்.

போடலாம், ஆனால் ஸ்மார்ட் பிளக்கில் மோட்டாரை நேராக மாட்டாதீர்கள். ஸ்டார்ட் ஆகும் நொடியில் மோட்டார் ஓடும் கரண்டைப் போல 5, 6 மடங்கு இழுக்கும். பிளக்குக்குள் கரண்டை ஆன், ஆஃப் செய்யும் சின்ன ரிலே அதைத் தாங்காது. அதன் காண்டாக்ட் ஒட்டிக்கொண்டால் ஆப்பில் ஆஃப் என்று காட்டும், மோட்டார் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் இல்லாத போரில் அப்படி ஓடினால் மோட்டார் காலி. தோப்பில் வைஃபையும் இருக்காது. சிம் போடும் மொபைல் ஸ்டார்ட்டர்தான் சரி, அதிலும் டிரை ரன் பாதுகாப்பு (தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்துவது) உள்ளதாகப் பாருங்கள்.

இதைவிட முக்கியமானது ஒன்று. நீங்கள் மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருப்பது மகனுக்குத் தெரியாது, அவன் அங்கிருந்து ஆன் செய்துவிடுவான். வேலை பார்க்கும்போது மெயினை இறக்கி, ஃபியூஸ் கட்டையைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ‘போன் பண்ணிச் சொல்லிட்டேன்’ என்பதெல்லாம் பாதுகாப்பு ஆகாது.

பிளக் வைஃபையில் சேரவே மாட்டேன் என்கிறது.

வைஃபை 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என இரண்டு அலைவரிசைகளில் வரும்; பெரும்பாலான பிளக்குகளுக்கு 2.4 மட்டும்தான் தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸைச் சற்று நேரம் அணைத்துவிட்டுச் சேர்த்துப் பாருங்கள்.

வீட்டுக்குள் கேமரா வைத்தால் வெளியாள் பார்க்க முடியுமா அண்ணா?

முடியும். 2016இல் மிராய் என்ற வைரஸ், கம்பெனி போட்டுக் கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாத கேமராக்களாகத் தேடிப் பிடித்துதான் பரவியது. பாஸ்வேர்டை மாற்றுங்கள், அப்டேட் வந்தால் போடுங்கள், ரவுட்டரில் கெஸ்ட் வைஃபை (விருந்தினருக்கான தனி வைஃபை) திறந்து கேமராவை அதில் விடுங்கள். நம் ஊரில் நான் அதிகம் பார்ப்பது வேறு: மாட்டிக்கொடுத்தவரே தன் போன் நம்பரில் அக்கவுன்ட் திறந்துவிடுகிறார். அப்போது கேமராவுக்கு முதலாளி அவர்தான். ரீசெட் செய்து உங்கள் நம்பரில் சேருங்கள். படுக்கையறைக்குள் கேமராவே வேண்டாம்.

அரூரில் அம்மா தனியாக இருக்கிறார். கதவுக்கு ஸ்மார்ட் பூட்டு போடலாமா?

சாவியாலும் திறக்கிற மாதிரி இருந்தால் போடுங்கள். பேட்டரி தீர்ந்தால் சாவிதான் கைகொடுக்கும். அந்தச் சாவியை வீட்டுக்குள் வைக்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள்.